கட்டைவிரல் எடை

மாமாவின் கட்டைவிரல்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. மாமா என்றால் அக்காவின் கணவர். திருக்கழுக்குன்றத்தில் அவர்கள் வீட்டு மாடியில், கூண்டிலிருந்து ஒரு புறாவை எடுத்து மல்லாத்திப் பிடித்து, நெஞ்செலும்பின் மேல் அந்த விரலை ஓட்டுவார். அதுதான் அவருக்குத் தராசு. எலும்பு தட்டுப்பட்டால் புறா பந்தயத்துக்குத் தயார். சதை மெத்தென்று இருந்தால் மறுநாள் தீனியில் கை வைப்பார். பந்தயத்தன்று விடிந்ததும் எல்லோரும் புறாவைப் பறக்க விடுவார்கள், கடைசியாக இறங்கும் புறா ஜெயித்தது. அவ்வளவுதான் பந்தயம். கனத்த புறா அவ்வளவு நேரம் தாங்காது என்பார்.

சிறுசேரி ஆபீசுக்கு வேன் பிடிக்க வசதி என்று நான் அப்போது அங்கேதான் தங்கியிருந்தேன். அந்த ஊருக்கு வருகிறவர்கள் மலைக் கழுகைத் தேடி அண்ணாந்து பார்ப்பார்கள். எங்கள் மாமா ஒருவர்தான் கழுகு வந்துவிடக் கூடாதே என்று அண்ணாந்து பார்ப்பார். எல்லாம் ஒரு சாம்பல் நிறப் பெட்டைக்காக. முந்தின பந்தயத்தில் மற்றதெல்லாம் இறங்கிய பிறகும் மேலேயே நின்றவள். அக்காவிடம்கூட அந்த மனிதர் அப்படிக் கொஞ்சி நான் கேட்டதில்லை.

அடுத்த பந்தயம் நெருங்கும்போது அவள் தானாகவே இளைத்தாள். "தீனிய கொறைக்கவே இல்ல, எப்டி லேசா கீது பாரு மா. இந்த வாட்டியும் நம்மளுதுதான்," என்று என் கையில் கொடுத்தார். இறகு விலகியதும் தட்டையாக ஒரு ஈ ஓடி மறைந்தது.

"இது இன்னா மாமா?"

"புறா ஈ. எல்லார் கூண்டுலயும் கீது, வுடு."

பந்தயத்தன்று வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட்டாள். தண்ணீர்த் தொட்டியின் மேல் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். மாமா பிடித்து வாய்க்குள் பார்த்தார். சிவப்பே இல்லை, வெளுத்துக் கிடந்தது. அவர் பைக் ஓட்ட, நான் பின்னால் அவளை மடியில் வைத்துக்கொள்ள, செங்கல்பட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்.

"ரத்தத்துல ஒட்டுண்ணி இருக்கு. அந்த ஈ கடிச்சு வர்றது. ரத்தம் கொறைஞ்சு, அதனாலதான் எடை போயிருக்கு. கூண்டுலயே இருந்திருந்தா தாங்கியிருக்கும்," என்றவர் மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வீடு வருவதற்குள் என் மடியில் சூடு போய்விட்டது. மாமா அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. மறுநாள் வழக்கம்போல வேன் ஏறினேன். அன்று மரத்துப்போன ஏதோ ஒன்று எனக்குள் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மற்ற புறாக்களுக்கு மருந்து கொடுத்து, கூண்டுக்கு ஈ மருந்தடித்து, எல்லாவற்றையும் தேற்றி வைத்திருக்கிறார். கதவு திறந்தே கிடந்தது. ஒன்றுகூடப் பறக்கவில்லை. ஒரு புறாவை மல்லாத்தி என்னிடம் நீட்டினார். நெஞ்சில் கட்டைவிரலை ஓட்டினேன், எலும்பே தட்டுப்படவில்லை.

"எப்டி கனமா கீது பாரு மா," என்றார்.

மலைப் பக்கம் ஏதோ ஒரு பெரிய பறவை வட்டமடித்துக்கொண்டிருந்தது. மாமா நிமிர்ந்து பார்க்கவில்லை.