சபாபதி ஐயாவின் விரல்

சபாபதி ஐயா மலேசியாவின் லாபிஸ் ரயில் நிலையத்தில் தந்தி அடித்தவர். பதினான்கு வயதில், தோட்டத்துக் கணக்கரான கிராணியின் வீட்டு வானொலியில், உலகின் முதல் செயற்கைக்கோள் விட்ட பீப் ஒலியைக் கேட்டிருக்கிறார். ஓய்வுபெற்றதும் கூரையில் ஏரியல் கட்டி, செத்துப்போன ஒரு செயற்கைக்கோளைத் தினமும் கேட்டுவந்தார். அதன் பேட்டரி என்றோ போய்விட்டது. வெயில் படும்போது மட்டும் தந்திக் குறியில் தன் பெயரைச் சொல்லும்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் பார்த்துக்கொள்ள வந்தபோது பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சில்லை. நினைவும் இல்லை என்று டாக்டர் எழுதியிருந்தார். ரேடியோ மாதக்கணக்காக மூடிக் கிடந்தது. இடது ஆள்காட்டி விரல் மட்டும் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு நேரத்தில் கால் மணி நடுங்கும். பயிற்சியில் கற்றபடி நேரத்தைக் குறித்துவந்தேன். நடுக்கத்துக்கு மாத்திரையும் கேட்டு வாங்கிக் கொடுத்தேன், நிற்கவில்லை.

சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் தேன்மொழி, உலு திராமில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பிடித்திருந்தாள். சனிக்கிழமை வேன் வரும். ரேடியோவை எடுத்துப்போக, ஐயாவோடு சேர்ந்து அதைக் கேட்டுவந்த கூட்டாளி குணாளன் வெள்ளி காலையில் வந்தார். சுவரில் ஒட்டியிருந்த என் நேரக்குறிப்புத் தாளைப் பார்த்து நின்றுவிட்டார். தன் போனில் எதையோ ஒப்பிட்டுப் பார்த்தார்.

“அக்கா, இந்த நேரமெல்லாம் யாரு கொடுத்தா?”

“யாரு கொடுக்கணும்? கை நடுங்குற நேரம் லா.”

“அவரோட சேட்டிலைட்டு நம்ம தலைக்கு மேல போற நேரம்க்கா இது. ஒரு நிமிசம் பிசகல.”

“சும்மா பயமுறுத்தாதீங்க.”

பத்து இருபதுக்கு விரல் ஆடத் தொடங்கியது. குணாளன் ரேடியோவைப் போட்டார். இரைச்சலுக்குள் மெல்லிய கீச்சு. விரல் அதே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தது. ஒலியை நிறுத்தினார், விரல் நிற்கவில்லை. மறுபடி வைத்தார், ஒரு தட்டும் தவறவில்லை.

குனிந்து கேட்டேன். “ஐயா, நாளைக்கு உங்கள இல்லத்துக்குக் கொண்டு போறாங்க. போறீங்களா?”

விரல் நின்றது. ரேடியோவில் செயற்கைக்கோள் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பிறகு கட்டில் கம்பியில் ஐந்து தட்டு: முதலில் இரண்டு, சற்று விட்டு மூன்று.

“தந்திக் குறியில நோ-ங்கிறாரு,” என்றார் குணாளன்.

தேன்மொழியைப் போனில் அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

“அலமாக், ஆன்ட்டி! அப்பாவுக்குத்தான் ஒண்ணும் தெரியாதுன்னாங்களே!”

“நீயே கேளு.”

போனைக் கம்பியருகே வைத்தேன். மறுபடியும் ஐந்து தட்டு. சிறு வயதில் அவளுக்கும் தந்திக் குறி சொல்லிக்கொடுத்திருந்தாராம். வேனை நிறுத்திவிடுவதாகச் சொன்னாள். பிறகு குரல் தாழ்ந்தது.

“ஆன்ட்டி… கட்டில் பக்கத்துல நின்னு வீட்ட விக்கிறத, சாவுச் செலவ எல்லாம் பேசினோமே…”

“கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு,” என்றேன்.

விரல் மீண்டும் தட்டத் தொடங்கியது, இம்முறை வேகமாக. குணாளன் பேனா தேடினார்.