தையல் இல்லாத ஆபரேஷன்

பிரான்சில் இதய வால்வு மாற்றிக்கொண்டு அம்மா புதுச்சேரி நெல்லித்தோப்புக்குத் திரும்பி ஒரு வாரமாகிறது. நுரையீரல் பலவீனம், நெஞ்சைத் திறந்தால் தாங்க மாட்டாள் என்று இங்கே கைவிரித்துவிட்டார்கள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த புண்ணியத்தில் எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு; தம்பி அங்கே அழைத்துப் போனான். தொடையில் சின்னத் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டார்கள்.

இன்று ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பெரிய மாமா உடம்பு விசாரிக்க வந்தார். அம்மாவின் அண்ணன். பைபாஸ் செய்துகொண்டவர்.

"தையல காட்டும்மா."

"நெஞ்சுல தையலே இல்லண்ணே. தொடை வழியாத்தான் வச்சாங்க."

தொடையைக் காட்டச் சொல்லும் தைரியம் அவருக்கு வரவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நல்லா ஏமாத்தி அனுப்பியிருக்கான்டா வெள்ளக்காரன். நெஞ்ச பொளக்காம வால்வ எப்படிடா மாத்துவான்?"

உடனே சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். கல்யாணம், காரியம், காதுகுத்து என்று எல்லா இடத்திலும் நாங்கள் தரிசித்த அதே தழும்பு. எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதுக்குப் பேருதான் ஆபரேஷன்!"

கிளம்பும்போது குடையை மறந்துவிட்டார். அம்மா அதை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கிக் கொடுத்துவிட்டு, எங்கும் நிற்காமல் ஏறி வந்தாள். மூன்று மாதத்துக்கு முன் அடுப்படிக்குப் போகவே மூச்சிரைத்தவள்.

கீழேயிருந்து மாமாவின் குரல் கேட்டது. "பாத்து ஏறும்மா, உள்ள ஒண்ணும் மாத்தல!"

நாளை சின்ன அத்தை வருகிறாராம். அவருக்குக் காட்ட நல்ல நீளமான தழும்பு ஒன்று வேண்டும். உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு நாள் இரவல் தருவீர்களா?