‘பயமா இருக்கு’ என்பதற்கு இங்கிலீஷ்

தமிழில் அழுததை இங்கிலீஷில் அழாமல் எழுதித் தருவதுதான் நம் தொழில். கோர்ட் காகிதங்களை மொழிபெயர்த்துப் பிழைக்கும் சகாக்களே, வெளிநாட்டு வேலையை விட்டுத் திண்டுக்கல் திரும்பியபோது, இரண்டு மொழி படித்தவனுக்கு இதில் என்ன சிரமம் என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுத்த காரணம்

திண்டுக்கல் பக்கம் அகரம் என்ற ஊர்க்காரர் ஒருவர், வரப்புத் தகராறில் பக்கத்துத் தோட்டக்காரரை வெட்டிக் கொன்றுவிட்டு ஆயுள் தண்டனையில் இருக்கிறார். மகள் கல்யாணத்துக்குப் பரோல் கேட்டார், சிறையில் மறுத்துவிட்டார்கள். அதை எதிர்த்து மதுரை ஹைகோர்ட்டில் மனுப் போட்டது அவர் மனைவி செல்வி.

காகிதங்களை என்னிடம் கொண்டுவந்த வக்கீல் தம்பி, மறுப்புக்கான காரணத்தைத் தொட்டுக் காட்டினார். வீட்டுக்கு வந்து விசாரித்த அலுவலரிடம் செல்வி சொன்ன ஒரே வாக்கியம்: ‘அவரு வந்தா பயமா இருக்குங்க.’

“வரட்டும்னு மனுப் போட்டதும் இந்த அம்மா, பயமா இருக்குன்னதும் இந்த அம்மா. நான் யாருக்குண்ணே வக்கீலு?”

எந்தப் பயம்?

அவரைக் கண்டு பயமா, அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயமா? தமிழில் இரண்டுக்கும் அந்த ஒரே வாக்கியம் போதும். இங்கிலீஷில் ஏதாவது ஒன்றைத்தான் எழுத முடியும். செத்தவரின் தம்பிகள் அதே தெருவில் இருக்கிறார்கள். அதனால் இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே செல்வியிடம் கேட்டேன்.

செல்வியின் இடது முழங்கை முழுதாக நீளாது என்பதை அப்போதுதான் கவனித்தேன். நான் பார்ப்பதைப் பார்த்து, “அது அவரு குடிச்ச காலத்துல” என்றார். எந்தப் பயத்தை எழுதுவது என்ற கேள்வியைச் செல்விதான் முடித்துவைத்தார்.

“அவரு உசுருக்குப் பயம்னே போடுங்கண்ணே. புள்ள அப்பன் வேணும்னு அழுகுது. மத்த பயத்த நான் பாத்துக்கிறேன்.”

மதுரையில்

‘அவர் உயிருக்குப் பயம்’ என்று நான் இங்கிலீஷில் எழுதிய வாக்கியத்தை வக்கீல் தம்பி வாசித்தார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். எனக்கு, மேற்கொண்டு ஏதாவது கேட்டுவிடுவாரோ என்றும் பயம், கேட்காமல் விட்டுவிடுவாரோ என்றும் பயம்.

கேட்கவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் போலீஸ் காவலோடு அனுப்பலாமே என்றார். மூன்று நாள் கிடைத்தது. தம்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். செல்வி வராந்தாத் தூணோரம் நின்றிருந்தார்.

“எல்லாம் இங்கிலீசுலயே பேசுனாக. என் பயத்தப் பத்தி எதும் கேட்டாகளாண்ணே?”

உத்தரவு

திண்டுக்கல்லுக்கு உத்தரவு வந்ததும் தமிழில் படித்துச் சொன்னேன். செல்வி மகளுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பெண் கூவிய சந்தோஷம் எனக்கே கேட்டது. “ஆமாத்தா, வாராரு… ஆமாத்தா” என்று செல்வியும் சிரித்தார்.

போனை வைத்ததும் அந்தச் சிரிப்பைக் காணவில்லை. பக்கத்தில் நின்ற வக்கீல் தம்பி காதில் விழாதபடி என் பக்கம் குனிந்தார்.

“காவலுக்கு வர்ற போலீசு வீட்டுக்குள்ள இருப்பாகளாண்ணே, இல்ல வாசலோட நின்னுக்குவாகளா?”

இரண்டு பயத்தையும் இங்கிலீஷில் அழகாகப் பிரித்துவிடலாம் சகாக்களே, செல்வி வீட்டில் இருப்பது ஒரே அறைதான்.