என் சட்டை போட்டு மிதந்தவன்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருடம், மழைக்காலத்தில், மலாக்கா காஜா பெராங்கில் நடந்தது இது. அப்போது அங்கே குடியிருந்தேன்; பக்கத்துப் பள்ளியில் ஐந்தாம் படிவ வகுப்புக்கு உயிரியல் ஆசிரியர். இன்று என் தலையில் பாதி முடி போய்விட்டது. அன்று சாயங்காலம் உயிரே போய்விட்டதென்று நினைத்தேன்.

பாடம் நடத்தப் பள்ளியில் ஒரே ஒரு மனித உடல் படம் இருந்தது. அதிலும் கல்லீரலைக் கரையான் தின்றிருந்தது. குடித்தால் இப்படித்தான் ஆகும் என்று சமாளித்துவந்தேன். எத்தனை நாளைக்கு? மாணவர்களைக் கூட்டி ஆளுயரப் பொம்மை ஒன்று செய்தோம். மூங்கில் சட்டம், பழைய செய்தித்தாள், மரவள்ளி மாவுப் பசை, மேலே படகுக்குப் பூசும் வார்னிஷ். வயிற்றில் ஒரு கதவு. திறந்தால் இலவம்பஞ்சு அடைத்த நுரையீரல், இதயம், பத்து முழத் துணிக் குடல். கண்ணைக் கட்டிக்கொண்டு, தொட்டுப் பார்த்தே எது எதுவென்று சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்துத் தூங்கியவர்கள் எல்லாம் கல்லீரலுக்கு முட்டிமோதினார்கள்.

பெண்பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பொம்மை அம்மணமாக நிற்கக்கூடாது என்றார் தலைமையாசிரியர். என் பழைய நீலக்கோடு போட்ட சட்டையைத் தேடி எடுத்தேன். கிழிந்த தோளில் மனைவி சிவப்புத் துணி ஒட்டுப்போட்டிருந்தாள்.

“அதப் போட்டா பொம்மையும் உங்கள மாதிரியே கூன் போட்டுக்கிட்டு நிக்கும், பாத்துக்குங்க,” என்றாள்.

நின்றது. தேங்காய் நார்த் தலைமுடிக்கு மாணவர்கள் என்னைப் போலவே நடுவகிடும் எடுத்துவிட்டார்கள்.

தேர்வுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. பொம்மை பள்ளியின் பின்புறம், கால்வாயை ஒட்டிய பலகைக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. அதன் ரத்தக் குழாய்களுக்காக ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவில் சிவப்பு நூலும் நீல நூலும் வாங்கிக்கொண்டு சைக்கிளில் திரும்பினேன். காலையில் பிடித்த மழை. ஒரு வளைவில் லோரி ஒன்று என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. விழவில்லை என்றுதான் நினைத்தேன்.

கால்வாய் மரப்பாலத்துக்கு வந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. வீடுகளில் விளக்கு இல்லை. கால்வாய் கரையைத் தொட்டு ஓடியது. கீழே பாலத்துக் காலில் ஏதோ இடித்தது. டொக். சற்றுப் பொறுத்து மறுபடியும் டொக். யாரோ கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன்.

ஓர் ஆள் குப்புற மிதந்துகொண்டிருந்தான். நீலக்கோட்டுச் சட்டை. தோளில் சிவப்பு ஒட்டு.

பொம்மையின் நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை, அதுதான் கொட்டகையில் இருக்கிறதே. வந்தது லோரியின் நினைவு. செத்தவனுக்குத் தான் செத்தது கொஞ்ச நேரம் தெரியாது என்று எங்கேயோ கேட்டிருந்தேன். விஞ்ஞான ஆசிரியன் அல்லவா, சோதித்துப் பார்த்தேன். நாடியைப் பிடித்தேன், விறைத்த விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. குடையோடு ஒரு சீனர் வந்தார். சீன முதலாளிகளை அழைப்பதுபோல் “தௌக்கே, தௌக்கே” என்று கூப்பிட்டேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அவர் திரும்பியும் பார்க்காமல், என்னை ஊடுருவிப் போவதுபோல் போனார்.

சரி, முடிந்தது. வீட்டில் யார் சொல்வது, நானே போய்ச் சொன்னால் அவள் பயப்படுவாளே என்று கவலைப்பட்டேன். நூல் பொட்டலம் நனைகிறதே என்றும் கவலைப்பட்டேன்.

அப்போது எதிர்க்கரையில் ஒருவர் ஓடிவந்தார். நெற்றியில் திருநீறு. பக்கத்து செட்டிக் கம்பத்துக்காரர்; பழைய தமிழ் வணிகர் வழிவந்தவர்களின் கிராமம் அது. அவர்களுக்குச் சாமி நம் சாமி, பேச்சு மலாய். மிதப்பதைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தார். சிறிது நேரம் தலையே தெரியவில்லை. பிறகு பாலத்துக் காலைக் கட்டிக்கொண்டு, மறு கையால் அந்த உடலை அணைத்தபடி மேலே வந்தார்.

“தெங்கோக் அப்பா லாகி? தாரிக்லா!” என்று கத்தினார். இன்னும் என்ன வேடிக்கை, இழு என்று. என்னைத்தான். ஒருவர் என்னைத் திட்டுகிறார் என்றால் நான் இருக்கிறேன். அவ்வளவு இனிப்பான திட்டு அதற்குப் பின் எனக்குக் கிடைக்கவில்லை.

இழுத்துக் கரையில் போட்டோம். அவர் அதன் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினார். வயிற்றுக் கதவு திறந்துகொண்டது. பத்து முழக் குடலும் அவர் மடியில் வழிந்தது. நான் அலறினேன். அது நானே தைத்த குடல் என்பது அலறி முடித்த பிறகுதான் உறைத்தது.

அவர் அலறவில்லை. குடலைப் பிழிந்து பார்த்தார். அதன் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நின்றேன். ஒரு பொம்மைக்காகச் சாகப் பார்த்தவர், அடிக்காமல் என்ன செய்வார்? அவர் ஈரமண்ணில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்:

“நசிப் பாயிக். புக்கான் ஓராங்.”

நல்லவேளை, ஆள் இல்லை. பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

கொட்டகையின் பின்பலகையை வெள்ளம் பெயர்த்திருந்தது மறுநாள்தான் தெரிந்தது. பொம்மையை அடுப்படியில் காயவைத்து வகுப்பில் நிறுத்தினோம். சேற்று வாடை மட்டும் போகவில்லை. மனைவி இதைக் கேட்டுவிட்டு, “சட்டையத்தான குடுத்தீங்க. அது செத்தா நீங்க எதுக்கு கூடச் சாவணும்?” என்றாள். அந்த வருடமே நீந்தக் கற்றேன். தவளைப் பாடம் நடத்துகிறவனுக்குக் காலை உதைக்கத் தெரிந்திருந்தது, மிதக்கத்தான் நாளானது.

அன்று இரண்டு பேருமே அதை ஆள் என்றுதான் நம்பினோம். அது நானா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்; அவர் யாரென்றே பார்க்கவில்லை. இப்போதும் மழைநாளில் அந்தப் பாலத்தில் போகும்போது முதலில் என் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பிறகு தண்ணீரை எட்டிப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை.