வயிற்றில் சிறு அசௌகரியம்

எனக்கு அந்த வியாதி வந்தபோது பத்தொன்பது வயது. முதலில் சீதபேதி என்றுதான் நினைத்தோம். அந்தக் காலத்துப் புதுச்சேரியில் சீதபேதி எட்டிப் பார்க்காத வீடு கிடையாது. வரும், நாலு நாள் படுத்தும், போய்விடும். எனக்கு வந்தது போகவில்லை. விடிவதற்கு முன்பே சொம்பும் கையுமாகக் கொல்லைக்கு ஓடுவேன். திரும்பி வந்து உட்காருவதற்குள் வயிற்றை மறுபடி முறுக்கும். சளியும் ரத்தமும்தான் போகும். அம்மா ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சினாள், மாதுளம்பழத் தோலை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். எதுவும் கேட்கவில்லை என்றதும், "மொளகாப் பொடி தொட்டுக்கினு மாங்கா தின்னல்ல, அதான்டி" என்று என் தலையிலேயே பழியைப் போட்டாள். அந்த வருஷம் நான் மாங்காயைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்த பிறகுதான் அப்பா என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்தவர் வெள்ளைக்கார டாக்டர், தமிழ் தெரியாது. அப்பா நொத்தேர் என்கிற பத்திரப் பதிவாளர் ஒருவரிடம் எழுதுகிற குமாஸ்தா. தன் பிரெஞ்சில் அவருக்கு அசாத்தியப் பெருமை. கன்னியாஸ்திரிகளிடம் படித்த எனக்கும் பிரெஞ்சு நன்றாகவே வரும். ஆனால் வாசலிலேயே, "நான் சொல்லிக்கிறேன், நீ வாயத் தொறக்காத" என்று சொல்லிவிட்டார்.

என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, பத்திரத்தில் எழுதுகிற அதே பிரெஞ்சில், "முசே, என் மகளுக்கு வயிற்றில் சிறு அசௌகரியம்" என்றார். ரத்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. மலம் எப்படிப் போகிறது என்று டாக்டர் கேட்டதற்கு, "முன்போல் ஒழுங்காக இல்லை" என்றார். இப்படிச் சொன்னால் யாரும் மலச்சிக்கல் என்றுதான் நினைப்பார்கள். டாக்டரும் அப்படியே நினைத்து விளக்கெண்ணெய் எழுதிக் கொடுத்தார். ஓயாமல் கொல்லைக்கு ஓடுகிறவளுக்கு விளக்கெண்ணெய். உள்ளே இருக்கிற கசடெல்லாம் வெளியே வந்துவிடும், பெரிய டாக்டர் தெரியாமலா கொடுப்பார் என்று அப்பா தானே விளக்கமும் சொல்லிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரத்தம் போவுதுன்னு ஏன்பா சொல்லல?" என்று வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"வயசுப் பொண்ணு நீ. ஒரு ஆம்பளகிட்ட அதெல்லாம் எப்புடி சொல்றது?"

"அவரு டாக்டருப்பா."

"டாக்டருன்னா ஆம்பள இல்லியா?"

இப்படிப் பேசுகிற மனிதரிடம் என்னத்தைச் சொல்வது? எண்ணெயைக் குடித்தேன். உயிர் போய்த் திரும்பியது. அடுத்த தடவை போனபோது, "பரவாயில்லை முசே, சற்றே களைப்பு" என்றார் அப்பா. நான் அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

மூன்றாம் தடவை, இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே எண்ணெய் கொடுக்கலாம் என்று டாக்டர் பேனாவை எடுத்தார். இனிமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் பிழைக்க மாட்டேன் என்று தோன்றியது. பிரெஞ்சில் நானே சொன்னேன்: "முசே, ரத்தம் போகிறது. ஆரம்பத்திலிருந்தே போகிறது. எண்ணெய் குடித்தால் இன்னும் அதிகமாகப் போகிறது." அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவருடைய முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே என்னைப் படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். மலத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துச் சீதபேதிக் கிருமியைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் அதற்கான ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். வாந்தியும் படபடப்பும்தான் மிச்சம். கடைசியில் ஒரு குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

டாக்டர் இப்போது அப்பாவை விட்டுவிட்டு என்னிடமே பேசினார். பெருங்குடலின் உள்பக்கம் புண்ணாகியிருக்கிறது, கிருமியால் வந்ததல்ல. வேறு எதனால் வந்தது? தெரியாது. குணமாகுமா? அடங்கும், திரும்பவும் வரலாம். இவ்வளவு படித்தவருக்கு இத்தனை தெரியாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்த அப்பா, "என்ன சொல்றாரு?" என்று என்னிடம் கேட்டார். தமிழில் சொன்னேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன்.

குழைந்த சோறும் அவித்த முட்டையும்தான் சாப்பாடு. பச்சைக் காய்கறி கூடாது, ஓடியாடக் கூடாது. தினமும் வெள்ளி உப்பு கரைத்த மருந்தை ஆசனவாய் வழியாக ஏற்றினார்கள். அது பட்ட இடமெல்லாம் எரிந்தது. ஆனாலும் ரத்தம் மெல்லக் குறைந்து ஒருநாள் நின்றது. வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல், "இன்னிக்கி?" என்பார் அப்பா. "இல்லப்பா" என்பேன். ரத்தம் என்கிற அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் அப்போதும் சொன்னதில்லை.

நான் கொஞ்சம் தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனோம். முடிந்து ஜனங்களெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தபோது எதிர்ப்பக்கம் டாக்டர் நடந்துபோவது தெரிந்தது. அப்பா கோயில் படியில் நின்றபடியே, பிரெஞ்சில், தெருவுக்கே கேட்கும்படி, "முசே, ரத்தம் நின்றுவிட்டது" என்று கத்தினார். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்குப் பிரெஞ்சு தெரியும். எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

டாக்டர் சிரித்துக்கொண்டே தெருவைத் தாண்டி வந்தார், எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை அதில் நான் பல மாதமாகப் பார்க்கவில்லை. என்ன செய்வது, சொல்லித்தான் ஆகவேண்டும்.

"இன்று காலையில் மறுபடியும் வந்தது, முசே."

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தத்தைக் கொஞ்சமும் குறைக்காமல், தமிழில் கேட்க ஆரம்பித்தார்.

"ரத்தம் எவ்ளோ போச்சி? சளியோடயா? நேத்தும் போச்சா?"

"மெதுவா பேசுங்கப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். எவ்ளோ போச்சி, அத சொல்லு."