நல்லெண்ணப் பிரிவில் சில வருஷங்கள்

மொழிபெயர்க்கிறவளுக்குச் சொந்த அபிப்பிராயம் கூடாது என்பார்கள். இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்து பிழைத்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். மர்பி டவுனில் வளர்ந்ததால் தமிழ், கன்னடம், உருது மூன்றும் எனக்குத் தெருவிலேயே வந்துவிட்டன. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் அதற்காக ஒரு வெளிநாட்டுத் தூதரகம் என்னை வேலைக்கு வைத்திருந்தது. இளைஞர்கள் தீவிரவாதத்தின் பக்கம் போய்விடாமல் அவர்களோடு நட்பு வளர்ப்பது எங்கள் பிரிவின் வேலை.

முதல் கூட்டம்

முஸ்லிம்கள் அதிகம் வாழும் சிவாஜி நகரில் சலீம் பாய் நடத்திய டியூஷன் சென்டரில் கூட்டம். சென்னையிலிருந்து வந்திருந்த தூதரக அதிகாரி, வன்முறையால் யாருக்கும் நன்மையில்லை என்று பேசினார். நல்ல மனிதர், மனதாரத்தான் பேசினார். நான் உருதுவில் சொல்லி முடித்ததும் பி.காம். படிக்கும் பையன் ஒருவன் எழுந்து, இதே பேச்சை ஜெயநகர் காலேஜ்களிலும் பேசினீர்களா என்று கேட்டான். இல்லை என்றார் அதிகாரி.

"அப்ப எங்களை மட்டும் ஏன் சார் தேடி வந்தீங்க?"

ஸ்வெட்டர்

பையன்களைச் சமாதானப்படுத்தியது சலீம் பாய்தான். கேள்வி கேட்டால் கோபப்படாத அதிகாரி இவர், நம்பிப் பார்ப்போம் என்றார். அடுத்தடுத்த கூட்டங்களுக்கு இடம் போதவில்லை. மகிழ்ந்துபோன அதிகாரி, தங்கள் நாட்டுப் பள்ளிகளைச் சுற்றிப் பார்க்க சலீம் பாயையே தேர்ந்தெடுத்தார். அங்கே குளிருமே என்று பையன்கள் சேர்ந்து ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தார்கள்.

விசா மறுக்கப்பட்டது. காரணம் சொல்லவில்லை. விசாரிக்கப் போன அதிகாரி முகம் வாடித் திரும்பினார்.

"கூப்பிட்டது எங்க ஆபீஸ், வராதேன்னது மாடியில இருக்கிற விசா ஆபீஸ். இதை நீங்க எப்படி மொழிபெயர்ப்பீங்க?"

மறுபடியும் ஒரு கூட்டம்

அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் பழையபடி கூட்டம் போடச் சொன்னதால், டியூஷன் சென்டருக்குப் போனேன். சலீம் பாய் டீ வரவழைத்தார். என் அம்மாவின் உடம்பைப் பற்றி விசாரித்தார். விஷயத்துக்கு வந்ததும் தலையை ஆட்டினார். விசா சமாசாரம் தெரிந்து பையன்கள் சிரித்தார்களாம். சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். இப்போது யாரோடு சுற்றுகிறார்கள் என்று அவருக்கே தெரியவில்லையாம். கடைசியில் தமிழிலேயே சொன்னார்.

"உங்காளுங்களை நம்பச் சொல்லி நான் பேசினேன் சிஸ்டர். இப்ப என்னை நம்பச் சொல்லி யார் பேசுவாங்க?"

நல்லெண்ணம் வளர்க்கிற பிரிவில் அத்தனை வருஷம் இருந்தும் நான் கண்ணால் பார்த்த நல்லெண்ணம் சலீம் பாயுடையது ஒன்றுதான், அதையும் நாங்களே செலவழித்துத் தீர்த்துவிட்டோம்.