தூசி எழும்பினால் ஓடவேண்டும்

பூநகரிக்குப் பஸ் வந்த அன்றுதான் சேதியும் வந்தது. "உருத்திரபுரத்துத் தவமணியக்கா போயிட்டா. மாரடைப்பாம். நேற்று எரிச்சாச்சு" என்றார் நடத்துனர். கோதாரி பிடித்த பஸ்! ஒழுங்காக ஓடியிருந்தால் முகத்தையாவது பார்த்திருப்பேன். அக்காவை அறிந்த உங்களுக்கு இதை எழுதினால் மனம் கொஞ்சம் ஆறும்.

சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து உருத்திரபுரத்துக்கு இடம்பெயர்ந்து போன எனக்கு, தன் வீட்டோடு ஒட்டிய தச்சுக்கொட்டிலில் வேலை தந்தவர் அவர். கால் இழந்தவர்கள் கக்கத்தில் வைத்து நடக்கும் தடிகளைச் செய்தோம். நான் மரம் அறுப்பேன். அரத்தாள் பூட்டிய கைமெசினால் அக்கா தேய்ப்பார். ஒரு சிராய் இருந்தாலும் தடியைத் திருப்பி எறிவார். வெளியே மெசினுக்கு மின்சாரம் தரும் மண்ணெண்ணெய் ஜெனரேற்றர் இரையும். உள்ளே முதிரை மரத்தூள் புகைபோலக் கிளம்பும். பக்கத்து அறையில் இருந்த அவருடைய கணவர் கதிரேசு அத்தானுக்கு முட்டு வருத்தம். தூள் பட்டால் மூச்சு இழுக்கும். மருந்து அந்த நாளில் குதிரைக்கொம்பு.

அதனால் கொட்டில் கதவை மூடி, நீக்கல்களில் ஈரச்சாக்கு அடைத்து வேலை செய்தோம். விசர் வேலை! ஒருநாள் மெசினை நிறுத்தினால், கதவில் யாரோ அடிக்கிறார்கள். திறந்தேன். அத்தான் கதவடியில் குந்தியிருந்தார், உதடு நீலம். மேலே குண்டு போடும் பொம்மர் சுற்றிக்கொண்டிருந்தது. ஊரே பங்கர்க் குழிகளுக்குள். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் மட்டும் பங்கருக்குப் போகாமல் எங்களுக்காகக் கதவைத் தட்டியிருக்கிறார். அக்கா அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குண்டு வயலில் விழுந்தது.

"இனிக் கதவு பூட்டிறேல்லை" என்றார் அக்கா.

"அப்ப தூசி?"

"மெசின் வாயிலையே பிடிக்கவேணும். சுவர் இருந்தாத்தானே தம்பி சித்திரம்."

கொல்லன் ஒருவரிடம் கையால் சுற்றும் ஊதுதுருத்தி ஒன்றை வாங்கிவந்தார். அது காற்றை இழுக்கும் பக்கத்தில் வயலுக்கு நீர் இறைக்கும் குழாயைப் பூட்டி, மறுமுனையைக் கைமெசினைச் சுற்றிச் சைக்கிள் ரியூப்பால் இறுக்கினோம். ஊதும் பக்கத்தில் தன் நூல்சேலையைப் பையாகக் கட்டினார். நுண்ணிய தூள் சேலையையும் தாண்டி வந்தது. பையை அவிழ்த்துவிட்டு, காற்றைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் ஊதவிட்டோம். தூள் நீரில் படிந்தது. அத்தானின் கட்டிலருகே வெள்ளை வேட்டியை விரித்து, வேலை முடிந்ததும் விரலால் தடவிப் பார்ப்பார் அக்கா. விரலில் ஒன்றும் ஒட்டாத அன்று அவர் அழுததை நான் பார்த்தேன்.

துருத்தியைச் சுற்றியது யார் தெரியுமா? அத்தான்தான்! ஜெனரேற்றருக்கு எதிர்ப்பக்கம், காற்று வரும் திசையில், பங்கர் வாசலில் கதிரை போட்டு அவரைத் துருத்தியோடு இருத்தினார் அக்கா. "பிளேன் சத்தம் கேட்டா கையை விட்டிடுங்கோ. இஞ்சை தூசி எழும்பும். நாங்கள் ஓடிவாறம்."

எத்தனையோ முறை அப்படி ஓடினோம். ஒருநாள் தூசி எழும்பியது. வெளியே வந்தால் வானம் வெறுமை. அத்தான் துருத்தியின் மேல் கவிழ்ந்து கிடந்தார். அக்கா அவரை நிமிர்த்தி முதுகை நீவினார். "விடுங்கோப்பா, மூச்சை விடுங்கோ" என்று அதட்டினார், கெஞ்சினார்.  பொழுது சாயத்தான் அவருக்கு மூச்சுச் சீரானது. அதன்பின் அக்கா துருத்தியை என்னிடம் தந்தார். நான் மரம் அறுக்கும் நேரங்களில் மெசினை நிறுத்திவிட்டு, அரத்தாளைக் கையில் பிடித்தே தடிகளைத் தேய்த்தார். தோல் உரிந்தும் நிறுத்தவில்லை.

அக்காவின் சேதி கேட்டு, அடுத்த பஸ்ஸில் உருத்திரபுரம் போனேன். அத்தான் கதிரையில் இருந்தார்.  என் கையைப் பிடித்தார்.

"தம்பி, அவள் பாத்துப் பாத்துக் காப்பாத்தின மூச்சு இது. இப்ப இதை வைச்சு நான் என்ன செய்யிறது?"

 அன்றிரவு அங்கேயே பாய் போட்டேன். அவர் மூச்சு இழுபடுகிறதா என்று காது கொடுத்தபடி கிடந்தேன். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தக் காவல்தான். பூநகரிக்கு நான் இன்னும் திரும்பவில்லை.